மூக்கு ஏமாத்தும், சிப் ஏமாத்தாதா? விஷவாயு சென்சார்களின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் கடைசி வருஷம். ஃபைனல் இயர் புராஜெக்ட். நானும் மூணு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து 'ஸ்மார்ட் ஹெல்மெட்'னு ஒண்ணு செஞ்சோம். பாதாளச் சாக்கடைக்குள்ள இறங்குற தொழிலாளி அதைப் போட்டுக்கணும், விஷவாயு வந்தா அது கத்தணும். இதுதான் ஐடியா. ரிச்சி ஸ்ட்ரீட் போய் எம்.கியூ. 135-னு ஒரு சென்சார் வாங்கினோம். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பஸ்ஸர், ஒரு மஞ்சள் ஹெல்மெட். டெமோ அன்னைக்கு சிகரெட் லைட்டரைப் பத்தவைக்காம கேஸை மட்டும் திறந்து காட்டினோம். பஸ்ஸர் கத்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. பரிசும் கிடைச்சது.

கண்காட்சிக்கு வந்திருந்தவங்கள்ல ஒரு அண்ணன், பல வருஷம் அந்த வேலையே பார்த்தவர். ஹெல்மெட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு மூணு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது எந்த கேஸ்னு சொல்லுமா?"

"காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்குமா?"

"இது கத்துனா, எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

மூணுக்குமே எங்ககிட்ட பதில் இல்ல. மூணாவது கேள்வி இன்னும் என்னை விடல. இன்னைக்கு எபிசோடு அந்த மூணு கேள்விக்குமான பதில்தான். நடுவுல, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யுற செமிகண்டக்டர் சென்சார்னு உலகம் முழுக்க லேப்ல எதுக்கு இவ்வளவு பாடுபடுறாங்கன்னும் பார்த்துடலாம்.

முதல்ல எதிரி யாருன்னு தெரிஞ்சுக்குவோம்

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளைக் கொல்றதுல முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாசனைன்னு ஸ்கூல் கெமிஸ்ட்ரில படிச்சிருப்பீங்க. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள்ள வாழுற சில பாக்டீரியாக்கள், கழிவுல இருக்குற சல்ஃபேட்டை வச்சுப் பிழைக்குது. அதுங்க வெளியேத்துறதுதான் இந்த வாயு. சேறு அசையாம இருக்குற வரைக்கும் வாயுவும் அதுக்குள்ளயே அடங்கிக் கிடக்கும். ஒருத்தர் இறங்கி மண்வெட்டியால கிளறினா, குலுக்கின சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி மொத்தமா வெளிய வரும். காத்தைவிடக் கொஞ்சம் கனமான வாயு. அதனால குழிக்குள்ளேயே தங்கும்.

இதுல பயங்கரமான விஷயம் அந்த வாசனைதான். நூறு கோடி மூலக்கூறுல வெறும் சில மூலக்கூறு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிடும். அவ்வளவு கூர்மை. ஆனா அளவு 100 பிபிஎம் பக்கம் போச்சுன்னா, அதாவது பத்து லட்சத்துல நூறு பங்குன்னா, சில நிமிஷத்துல மூக்கோட நரம்பு செத்த மாதிரி ஆயிடும். வாசனையே தெரியாது. உள்ள இருக்குறவர் 'அப்பாடா, நாத்தம் குறைஞ்சிடுச்சு'ன்னு நினைப்பார். உண்மையில அப்பதான் வாயு கூடியிருக்கும். 700, 1000 பிபிஎம்னு போனா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் சாஞ்சிடுவார். நம்ம செல்லுக்குள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துற ஒரு முக்கியமான என்சைமை இந்த வாயு பூட்டிடுது. காத்துல ஆக்சிஜன் இருந்தாலும் உடம்பால அதை எடுத்துக்க முடியாது.

அதனாலதான் இந்தச் செய்திகள் எப்பவும் ஒரே மாதிரி வரும். ஒருத்தர் இறங்கி மயங்குவார். காப்பாத்த இன்னொருத்தர் இறங்குவார். அப்புறம் மூணாவது ஆள்.

பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு: கிணத்துல இறங்குறதுக்கு முன்னாடி விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்ப்பாங்க. விளக்கு அணைஞ்சா ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம். சாக்கடைல அதைச் செஞ்சுடாதீங்க. 500 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு ஜோரா எரியும். கூட மீத்தேனும் இருந்தா வெடிச்சே போயிடும். மூக்கையும் நம்ப முடியாது, விளக்கையும் நம்ப முடியாது. அதனாலதான் சென்சார்.

ஜப்பான்ல தொடங்கின கதை

1950-கள் முடியுறப்போ ஜப்பான் வீடுகளுக்கு எல்.பி.ஜி. சிலிண்டர் வேகமா வந்துச்சு. கூடவே கேஸ் கசிவு விபத்துகளும். நவோயோஷி தகுச்சிங்கறவர் இதுக்கு ஒரு மலிவான தீர்வு தேடினார். 1962-ல டின் ஆக்சைடை வச்சு அவர் ஒரு சென்சாருக்கு காப்புரிமை கேட்டார். அதே வருஷம் செய்யாமாங்கற விஞ்ஞானியோட குழு துத்தநாக ஆக்சைடு படலத்தால வாயுவைக் கண்டுபிடிக்கலாம்னு கட்டுரை எழுதினாங்க. தகுச்சியோட கண்டுபிடிப்பை விக்க 1969-ல ஃபிகாரோங்கற நிறுவனம் தொடங்குச்சு. இன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குற எம்.கியூ. சீரிஸ் எல்லாம் அந்தக் குடும்பத்தோட தூரத்துச் சொந்தம்தான்.

இது எப்படி வேலை செய்யுது? டின் ஆக்சைடு ஒரு செமிகண்டக்டர். அதுக்குள்ள கொஞ்சம் எலக்ட்ரான் சுதந்திரமா சுத்திட்டிருக்கும், அதனால கொஞ்சம் மின்சாரம் பாயும். இப்ப அதைக் காத்துல வைங்க. ஆக்சிஜன் வந்து மேற்பரப்புல ஒட்டிக்கிட்டு, உள்ள இருக்குற எலக்ட்ரானைப் புடிச்சு வச்சுக்கும். பஸ் ஸ்டாண்ட்ல சீட்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. எலக்ட்ரான் குறைஞ்சதால மின்தடை கூடும்.

இப்ப ஹைட்ரஜன் சல்ஃபைடோ, எல்.பி.ஜி.யோ, கார்பன் மோனாக்சைடோ வருது. அது மேற்பரப்புல ஒட்டியிருக்குற ஆக்சிஜனோட வினைபுரிஞ்சு அதைக் கூட்டிட்டுப் போயிடும். பிடிச்சு வச்சிருந்த எலக்ட்ரான் விடுதலையாகி உள்ள திரும்பும். மின்தடை சட்டுனு குறையும். நாம அளக்குறது அந்த மாற்றத்தைத்தான். நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரி வாயு வந்தா நேர்மாறா நடக்கும். அதுவும் எலக்ட்ரானைப் புடுங்குற ஜாதி, அதனால மின்தடை இன்னும் ஏறும்.

அவ்வளவுதான். ஒரு பொடி, ரெண்டு கம்பி, ஒரு ரெசிஸ்டன்ஸ். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு.

ரெண்டாவது கேள்வி: சார்ஜ் நிக்குமா?

இந்த விளையாட்டு நல்லா நடக்க சென்சாரை 200-லிருந்து 400 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி வைக்கணும். எம்.கியூ. சென்சாரைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கொதிக்கும். உள்ள ஒரு குட்டி ஹீட்டர் இருக்கு.

ஏன் சூடு? மூணு காரணம். ஒண்ணு, சுமார் 150 டிகிரிக்குக் கீழே ஆக்சிஜன் முழு மூலக்கூறாவே ஒட்டிக்கிட்டு சோம்பேறியா கிடக்கும். சூடு ஏறினாத்தான் அணுவா உடைஞ்சு சுறுசுறுப்பா வினைபுரியும். ரெண்டு, காத்துல இருக்குற ஈரப்பதம் மேற்பரப்புல தண்ணிப் படலமா உக்காந்துக்கும். சூடு அதை விரட்டும். மூணு, வேலை முடிஞ்ச வாயு சென்சாரை விட்டுக் கிளம்பணும், அதுக்கும் சூடு வேணும். கிளம்பலன்னா அடுத்த தடவை சென்சார் சரியா சொல்லாது.

இதுக்கு நாம கொடுக்குற விலை மின்சாரம். எம்.கியூ. 135-ஓட ஹீட்டர் தோராயமா 0.8 வாட் எடுக்கும். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்ல சுமார் 37 வாட்-மணி ஆற்றல் இருக்கு. கணக்குப் போட்டா, ஒரே ஒரு சென்சாருக்கு ரெண்டு நாள்கூட முழுசா வராது. கடிகாரத்துல போடுற பட்டன் செல்லுல இருக்குற மொத்த ஆற்றலும் ஒரு மணி நேரத்துக்குக்கூட பத்தாது. இது போதாதுன்னு, புது எம்.கியூ. சென்சாரை நம்பி அளக்குறதுக்கு முன்னாடி 24 மணி நேரத்துக்கு மேல சூடாக்கி வைக்கணும்னு டேட்டாஷீட்லயே எழுதியிருக்கும். எங்க ஹெல்மெட்டை டெமோவுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் ஆன் பண்ணோம்!

அப்புறம் பாதுகாப்பு. மீத்தேன் நிறைஞ்ச குழிக்குள்ள 300 டிகிரி சூடான ஒரு பொருளைக் கொண்டுபோறோம். ஹைட்ரஜன் சல்ஃபைடே 260 டிகிரியில தானா பத்திக்கக்கூடியது. சென்சார் மேல இருக்குற அந்தக் கம்பி வலை அழகுக்கு இல்ல, உள்ள தீ வந்தா வெளிய பரவாம தடுக்க. முறையா சான்று வாங்கின கருவிகள்ல இதுக்குன்னே தனி வடிவமைப்பு இருக்கும். காலேஜ் புராஜெக்ட் ஹெல்மெட்ல இருக்காது.

சூடில்லாம முடியுமா?

முடியும்னு உலகத்துக்குக் காட்டின வருஷம் 2000. ஸ்டான்ஃபோர்டுல ஹாங்ஜி டாய் குழு, ஒரே ஒரு கார்பன் நானோ குழாயை ரெண்டு மின்முனைக்கு நடுவுல வச்சு, அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் கண்டுபிடிச்சாங்க. எப்படி? நானோ குழாய்ல இருக்குற அணு எல்லாமே மேற்பரப்புலதான் இருக்கு. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துல நாலு பேர் வந்தா யாருக்கும் தெரியாது. ஒரு ஆட்டோவுக்குள்ள நாலு பேர் ஏறினா டிரைவருக்குத் தெரியும். பொருள் சின்னதாக ஆக, ஒவ்வொரு மூலக்கூறோட வருகையும் தெரிய ஆரம்பிச்சிடும்.

டின் ஆக்சைடுலயும் இதே கதை. எலக்ட்ரான் பறிபோற அந்த மேல் அடுக்கு சுமார் 3 நானோமீட்டர் ஆழம்தான். ஒவ்வொரு துகளும் 6 நானோமீட்டருக்கும் சின்னதா இருந்தா துகள் முழுக்கவே மேற்பரப்பு மாதிரி ஆயிடும், உணர்திறன் கிடுகிடுன்னு ஏறும். இதை 1991-லயே ஜப்பான்ல யமாசோ குழு காட்டினாங்க. 2007-ல மான்செஸ்டர்ல கிராஃபீனை வச்சு ஒத்தை மூலக்கூறு வந்து ஒட்டுறதையே பார்த்துட்டாங்க.

சூட்டுக்குப் பதிலா வெளிச்சத்தைக் கொடுக்குறது இன்னொரு வழி. ஒரு குட்டி புற ஊதா எல்.இ.டி.யை சென்சார் மேல அடிச்சா, அந்த ஒளியோட ஆற்றலே ஆக்சிஜனை எழுப்பி விடும். சூடு செய்யுற வேலையில ஒரு பகுதியை வெளிச்சம் செஞ்சிடுது.

மூணாவது வழி நம்ம கதைக்கு ரொம்பப் பக்கம். டின் ஆக்சைடு மேல காப்பர் ஆக்சைடைத் தூவுறது. ஒண்ணு என் வகை, இன்னொண்ணு பி வகை. ரெண்டும் சேர்ற இடத்துல மின்சாரத்துக்கு ஒரு சுவர் எழும்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தா காப்பர் ஆக்சைடு காப்பர் சல்ஃபைடா மாறும். அது கிட்டத்தட்ட உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்தும். சுவர் இடிஞ்சு மின்தடை தலைகுப்புற விழும். மத்த வாயுக்கள் இந்தச் சுவரை இப்படி இடிக்காது. அதாவது, அந்த அண்ணனோட முதல் கேள்விக்கு வேதியியல் கொடுக்குற ஒரு பதில் இது.

இந்த மாதிரி சென்சார்கள் மைக்ரோவாட் அளவுலயே ஓட முடியும். 10 மைக்ரோவாட்னு வச்சுக்கிட்டா, அதே பட்டன் செல் கணக்குப்படி ஏழு வருஷத்துக்கு மேல தாங்கும். ஒரு மணி நேரத்துலேர்ந்து ஏழு வருஷம்! இதுக்காகத்தான் இத்தனை பேர் இதுக்குப் பின்னாடி ஓடுறாங்க.

அப்போ ஏன் இன்னும் கடையில இல்ல?

சூட்டுக்கு மூணு காரணம் சொன்னேன் இல்லையா, சூட்டை எடுத்தா அந்த மூணு பிரச்சினையும் திரும்பி வரும்.

முதல்ல, வந்த விருந்தாளி கிளம்ப மாட்டார். அந்த 2000-மாவது வருஷ நானோ குழாய் சென்சார் வாயுவைச் சில நொடியில கண்டுபிடிச்சிடுச்சு. ஆனா அறை வெப்பநிலையில பழைய நிலைக்குத் திரும்ப பல மணி நேரம் ஆச்சு. காப்பர் சல்ஃபைடும் அப்படித்தான், திரும்ப ஆக்சைடா மாற அதுக்குச் சூடு காட்டணும். அதனால பல குழுக்கள் ஒரு நடுவழி எடுக்குறாங்க: அளக்கும்போது சூடு வேண்டாம், சுத்தம் பண்ண மட்டும் ஒரு சின்ன சூடு. தலைமுடியைவிட மெல்லிசான ஒரு தகடு மேல ஹீட்டரைச் செதுக்கிட்டா அதுக்கும் சில மில்லிவாட்தான் ஆகும்.

ரெண்டாவது, ஈரப்பதம். லேப்ல உலர்ந்த காத்துல அருமையா வேலை செய்யுற சென்சார், சென்னை ஐப்பசி மழைல தடுமாறும். மேன்ஹோலுக்குள்ள ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். தண்ணி மூலக்கூறையும் வாயு மூலக்கூறையும் சென்சார் குழப்பிக்கும். ஒரு புது சென்சார் பத்தி செய்தி படிச்சீங்கன்னா, 'எவ்வளவு ஈரப்பதத்துல சோதிச்சாங்க'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பாதி ஆர்ப்பாட்டம் அடங்கிடும்.

மூணாவது, ஆள் அடையாளம். எம்.கியூ. 135 டேட்டாஷீட்ல அம்மோனியா, சல்ஃபைடு, பென்சீன் ஆவின்னு எல்லாத்தையும் ஒரே வரியில போட்டிருப்பாங்க. எல்லாத்துக்கும் கத்தும்னா, எதுக்குக் கத்துதுன்னு தெரியாதுன்னு அர்த்தம். பெர்ஃப்யூமுக்கும் கத்தும், சானிடைசருக்கும் கத்தும். நாலு தடவை சும்மா கத்துனா, அஞ்சாவது தடவை யாரும் மதிக்க மாட்டாங்க. இதுக்கு ஒரு வழி பல சென்சாரைக் கூட்டா வைக்கிறது. 1982-ல பெர்சாட், டாட்ங்கற ரெண்டு பேர் மூணு சென்சாரை வச்சு 'மின்னணு மூக்கு' செஞ்சு காட்டினாங்க. ஒவ்வொண்ணும் தனியா குழம்பினாலும், மூணும் சேர்ந்து கொடுக்குற வடிவத்தை வச்சு எந்த வாசனைன்னு சொல்லிடலாம். நம்ம மூக்கும் மூளையும் செய்யுறது அதுதான். இன்னைக்கு அந்த வடிவத்தைப் படிக்க மெஷின் லேர்னிங் வந்திருக்கு.

இதனாலதான் இன்னைக்கு முறையான வேலைத்தளத்துல இடுப்புல மாட்டுற நாலு-வாயு கருவிகள்ல ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு செமிகண்டக்டர் இல்ல, எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்தான் பெரும்பாலும் இருக்கும். சூடு வேண்டாம், அளவு சரியா சொல்லும். ஆனா விலை அதிகம், ரெண்டு மூணு வருஷத்துல சென்சாரை மாத்தணும், அப்பப்போ தெரிஞ்ச அளவு வாயுவைக் காட்டிச் சோதிக்கணும். இந்தப் பராமரிப்பு நடக்கலன்னா அதுவும் வெறும் பொம்மைதான்.

மூணாவது கேள்வி: எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

இப்ப அந்தக் கேள்விக்கு வரேன். நல்ல எலக்ட்ரோகெமிக்கல் சென்சாரே முழு அளவைக் காட்ட சுமார் அரை நிமிஷம் எடுக்கும். அறை வெப்பநிலை செமிகண்டக்டர் பலதுக்கு நிமிஷக்கணக்குல ஆகும். சேற்றைக் கிளறின நொடியில 1000 பிபிஎம் வந்தா ஆளுக்கு ஒண்ணு ரெண்டு மூச்சுதான் இருக்கு. சென்சார் கத்தும்போது கேக்குறதுக்கு ஆள் நினைவோட இருக்க மாட்டார்.

அண்ணனோட கேள்விக்கு நேர்மையான பதில்: "நேரம் இல்லண்ணே. இதை நம்பி இறங்காதீங்க."

எங்க ஹெல்மெட்ல சென்சார் மோசம்ங்கறது சின்னத் தப்பு. சென்சாரை ஆளோட தலையில வச்சதுதான் பெரிய தப்பு. ஆள் இறங்குவார்னு நாங்களே முடிவு பண்ணிட்டுத்தான் டிசைன் போட ஆரம்பிச்சோம். ஆனா 2013 சட்டப்படி, பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை ஆபத்தான முறையில இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கிறதே குற்றம். 2014-ல உச்ச நீதிமன்றம், 1993-லிருந்து சாக்கடை வேலையில இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு சொன்னுச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்துச்சு. அப்பவும் சாவு நிக்கல. 1993-லிருந்து எடுத்த அரசுக் கணக்குல தமிழ்நாட்டுல மட்டும் 200 பேருக்கு மேல. நாட்டுலயே அதிகம் இங்கதான்.

அப்போ சென்சாருக்கு வேலையே இல்லையா? இருக்கு. தலையில இல்ல, மூடிக்கு அடியில. ஒரு மைக்ரோவாட் சென்சார் மேன்ஹோல் மூடிக்குக் கீழே வருஷக்கணக்குல உக்காந்து, 'இங்க வாயு ஏறுது, இந்த இடத்துல மெஷினை அனுப்பு'ன்னு தினமும் சொல்லணும். அது ஹீட்டர் சென்சாரால முடியாது, பேட்டரி தாங்காது. அறை வெப்பநிலை சென்சாரோட உண்மையான இடம் இதுதான். சுத்தம் பண்ணுற வேலையை மெஷின் பார்க்கணும். ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல செப்டிக் டேங்குக்குன்னே ஹோமோசெப்னு ஒரு ரோபோ செஞ்சிருக்காங்க. கேரளாவுல 2018-லிருந்து பாண்டிகூட்னு ஒரு ரோபோ மேன்ஹோல் சுத்தம் பண்ணுது. இந்தக் கூட்டணியில சென்சார் காவல்காரன், ரோபோ வேலைக்காரன். மனுஷன் மேல நின்னு இயக்குறவர்.

நாம என்ன பண்ணலாம்?

இன்ஜினியரிங் படிக்கிறவங்க: ஸ்மார்ட் ஹெல்மெட் புராஜெக்ட் எடுக்காதீங்க. மூடிக்கு அடியில நூறு சதவீத ஈரத்துல ஆறு மாசம் தாங்குற ஒரு சென்சார் உறை பண்ண முடியுமான்னு பாருங்க. அவ்வளவு கவர்ச்சியா இருக்காது. ஆனா தேவை அதுதான்.

அபார்ட்மென்ட்ல இருக்குறவங்க: அடுத்த தடவை செப்டிக் டேங்க் நிறைஞ்சு அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்ல 'யாராவது ஆள் தெரியுமா'ன்னு மெசேஜ் வரும். அப்ப 'ஆள் வேண்டாம், லாரி கூப்பிடுங்க, யாரும் உள்ள இறங்கக் கூடாது'ன்னு ஒரு வரி டைப் பண்ணுங்க. ஒருவேளை யாராவது உள்ள மயங்கிட்டார்னா நீங்களும் இறங்கிடாதீங்க, வேற யாரையும் இறங்க விடாதீங்க. 101, 108-க்கு அடிங்க. மூச்சுக் கருவியோட வர்றவங்க மட்டும்தான் இறங்கணும்.

அந்த மஞ்சள் ஹெல்மெட் இன்னும் எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு. போன வாரம் எடுத்து சென்சாரைக் கழட்டிட்டேன். இப்ப அது சமையலறை சிலிண்டர் பக்கத்துல, 24 மணி நேரமும் பிளக்ல மாட்டி, எல்.பி.ஜி. கசிவுக்குக் காவல் இருக்கு. வாங்கின அலாரமும் ஒண்ணு பக்கத்துல இருக்கு, இதை மட்டும் நம்பல. ஆனா தகுச்சி எந்த வேலைக்காக இதைக் கண்டுபிடிச்சாரோ அந்த இடத்துக்கே வந்து சேர்ந்துடுச்சு. நேத்து ரசத்துக்குத் தாளிச்சப்போகூட கத்துச்சு. அம்மா, "இது எந்த கேஸ்னு சொல்லுமாடா?"ன்னு கேட்டாங்க.

சொல்லாதும்மா. இன்னும் சொல்லாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.